தொழில் நிமித்தமான பிரயாணமும் கிராமத்தின் நிலைத்த அபிவிருத்தியும்

விவசாயம் ஓரிடத்தில் நிலைத்து நின்று செய்யவேண்டிய தொழில். வர்த்தகரைப்போல ஊர் ஊராய்ச் சென்றுவருவது குடியானவருக்கு ஏற்றதன்று என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் எண்ணம். நிலத்துக்குடையவன் நாள்தோறும் வயலுக்குச் சென்று பாராவிடில் நிலம் அவனோடு பிணங்கிக்கொள்ளும் என்று திருவள்ளுவர் கூறியிருப்பதை அறியாத விவசாயி இல்லை. ஆயினும் விதை, எரு, கால்நடை, கடன், கருவி, விலை ஆகிய இவற்றுள் ஒன்றேனும் இக்காலத்தில் கிராம எல்லைக்குள் முடிந்துவிடுவதாக இல்லை. ஆதலால் விளைபொருளை விற்கவும், மாடு வாங்கவும், மேலான சாகுபடி முறைகளை நேரிற் பார்த்தறியவும் மிராசுதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் பிரயாணம் செய்யவேண்டியிருக்கிறது. அப்பிரயாணங்களுக்காகும் செலவு பலனுள்ள செலவா, அல்லது வீண் செலவா என்பதே இங்கு ஆராயத் தக்கது.

நிலைத்த அபிவிருத்தி என்னும் சொல் இப்பொழுது எங்கும் வழங்குகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் ஏற்பாட்டின்படி, நார்வே தேசத்துப் பிரதம மந்திரியாயிருந்த புருண்ட்லாண்டு அம்மையாரின் தலைமையில் அமைந்த குழு, 1987-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையில் இதற்குப் பொருள் கூறியிருக்கிறது. இக்காலத்தவர் தம் தேவைகளைப் பூர்த்தி செய்துகொள்ளும்போது பின்சந்ததியார் தம் தேவைகளைப் பூர்த்தி செய்துகொள்வதற்குக் குறைவு நேராதபடி செய்துகொள்ளவேண்டும் என்பதே அதன் சாரம். விவசாயிக்கு இது புதிய உபதேசமன்று. தகப்பனார் விட்டுச்சென்ற நிலத்தைச் சாரம் குன்றாமல் மகனிடம் ஒப்படைக்க வேண்டுமென்று எண்ணுகிறவன் இதையே எண்ணுகிறான். பிரயாணத்தையும் இந்தக் கோலைக்கொண்டே அளந்து பார்ப்போம்.

ஒரு பிரயாணமும் ஐக்கிய நாணய சங்கங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை ராஜதானியின் குடியானவர்கள் கடன் சுமையால் மிகவும் நலிந்திருந்தார்கள். அதற்குப் பரிகாரம் காணும்பொருட்டுச் சென்னைச் சர்க்கார் 1892-ல் பிரடெரிக் நிக்கல்ஸன் என்னும் உத்தியோகஸ்தரை நியமித்து, ஐரோப்பாவில் விவசாய பாங்கிகள் நடைபெறும் விதத்தை ஆராய்ந்துவரும்படி ஏற்படுத்தினார்கள். அவர் கோயமுத்தூர் ஜில்லாவைப்பற்றி 1887-ல் வெளிவந்த விவரப் புத்தகத்தை எழுதியவர். கிராமங்களின் நிலையை நன்கறிந்தவர். தாம் ஆராய்ந்தவற்றை 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார்.

அவர் ஐரோப்பாவில் பல்வகைப் பாங்கிகளின் முறைகளை ஆராய்ந்தார். அவற்றுள் ஜெர்மனி தேசத்தில் ரைபைசன் என்பவர் ஏற்படுத்திய கிராமச் சங்கங்களே நம் நாட்டுக்கு ஏற்றவை என்று கண்டார். இந்த ரைபைசன் என்பவர் பெரிய தனவந்தர் அல்லர். சில கிராமங்களுக்குத் தலைமை அதிகாரியாயிருந்தவர். தம் ஊரார் கடன்காரர்களிடம் மாட்டையும் நிலத்தையும் இழப்பதைக் கண்டு மனம் வருந்தி, 1864-ல் ஹெடஸ்டார்ப் என்னுமிடத்தில் ஒரு கடன் சங்கத்தை ஸ்தாபித்தார். சங்கத்தின் எல்லை ஒருவரையொருவர் நேரில் அறிந்தவர்கள் வசிக்கும் அளவுக்குச் சிறியதாயிருக்கவேண்டும். அங்கத்தினர் யாவரும் கடனுக்குக் கூட்டாகப் பொறுப்பேற்கவேண்டும். தொழிலுக்குப் பயன்படும் காரியத்துக்கே கடன் கொடுக்கவேண்டும். இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளாமல் சேமநிதியில் சேர்க்கவேண்டும் என்பவை அவர் கொண்ட விதிகளில் முக்கியமானவை.

நிக்கல்ஸன் அயல்நாட்டில் கண்டதை மாத்திரம் எழுதி முடித்துவிடவில்லை. நம் சென்னை ராஜதானியிலேயே முன்னரே வழங்கிவந்த நிதிகளின் குணதோஷங்களையும் விரிவாக ஆராய்ந்தார். அயலூர் முறையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நடாமல், இங்குள்ள வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததே அப்பிரயாணத்தின் சிறப்பு. அதன் பயனாக ஏற்பட்ட ஆலோசனைகளைத் தொடர்ந்து 1904-ல் இந்தியாவில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் நிறைவேறிற்று. கிராமச் சங்கங்களில் அங்கத்தினருக்கு வரையறையற்ற கூட்டுப் பொறுப்பு, இலாபம் முழுவதும் சேமநிதிக்கு என்னும் விதிகள் அச்சட்டத்தில் இடம்பெற்றன. அதே வருஷத்தில், இப்போதைய திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள திரூரில் விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று. இன்று தமிழ்நாட்டில் 4,000-க்கு மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. பயிர்க்கடன் பெற்று உரம் வாங்கும் ஒவ்வொரு விவசாயியும், நூறு வருஷங்களுக்கு முன் ஒருவர் செய்த பிரயாணத்தின் பலனை இன்றும் அநுபவித்து வருகிறார். செலவு ஒருமுறை, பலனோ தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது. நிலைத்த அபிவிருத்திக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

ஓர் இரவு கிராமத்தில் தங்கியதன் பலன்

பிரயாணம் நீண்டதாயிருந்தாற்றான் பலன் உண்டென்று நினைக்கவேண்டாம். 1964-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், அப்பொழுது பிரதம மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி, குஜராத்திலுள்ள கேடா ஜில்லாவுக்குச் சென்றார். அந்த ஜில்லாவின் பால் உற்பத்தியாளர் சங்கம் அமைத்த கால்நடைத் தீவனத் தொழிற்சாலையைத் திறந்துவைப்பது அவருக்கு இருந்த வேலை. ஆனால் அவர் விழாவுக்கு மாத்திரம் வந்து திரும்பாமல், அஜர்புரா என்னும் கிராமத்தில் ஓர் இரவு தங்கி, சிறு குடியானவர்களுடைய வீடுகளுக்குச் சென்று, அவர்களுடைய வரவு செலவையும் கறவை மாடுகளையும் பாற்சங்கத்தையும்பற்றி விசாரித்தார்.

அவர் கண்டது யாதெனில், அந்தப் பிரதேசத்தின் மண்ணும் மழையும் எருமைகளும் மற்றப் பிரதேசங்களில் உள்ளவற்றைவிட உயர்ந்தவையல்ல. ஆயினும் பால் தொழில் அங்கே மாத்திரம் செழித்திருக்கிறது என்பதே. பாலைச் சேகரித்துப் பக்குவம் செய்து விற்கும் ஸ்தாபனம் பால் கறப்பவர்களுக்கே உரியதாயிருப்பதும், அவர்கள் தெரிந்தெடுத்தவர்களாலேயே நிர்வகிக்கப்படுவதும் அதற்குக் காரணமென அறிந்தார். 1946-ல் திரிபுவனதாஸ் பட்டேலின் தலைமையில் தொடங்கிய அச்சங்கத்தின் முறையைத் தேசமெங்கும் பரப்பவேண்டுமென்று தீர்மானிக்கப்பட்டது. 1965-ல் ஆனந்தில் தேசிய பால்பண்ணை அபிவிருத்தி வாரியம் அமைந்தது. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் ஆரம்பமாயிற்று. நம் ஊர்களில் காலையிலும் மாலையிலும் பாற்சங்கத்தின் முன் பாத்திரத்துடன் வரிசையில் நிற்கும் பெண்மணிகளின் வருமானத்துக்கும் அந்த ஓர் இரவுக்கும் சம்பந்தம் உண்டு.

இவ்விரண்டு வரலாறுகளிலிருந்தும் கிராம உத்தியோகஸ்தர்கள் அறியவேண்டுவது ஒன்று உளது. பிரயாணம் செய்கிறவர் கட்டடங்களையும் யந்திரங்களையும் மாத்திரம் பார்த்துவிட்டுத் திரும்பினால், அவற்றைப் போன்ற கட்டடங்களையே கட்ட முயல்வார். அக்காரியத்தை நடத்தும் குடியானவருடன் அமர்ந்து, அவருக்கு மிஞ்சுவது எவ்வளவு, நஷ்டம் வந்தால் தாங்குபவர் யார், பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டறிந்தவரே உண்மையான பொருளைக் கொண்டுவருவார்.

பிரயாணத்தால் விளையும் கேடு

பிரயாணத்தால் நன்மையே விளையுமென்று கூறிவிட இயலாது. மனிதர் செல்லும் வழியிலேயே பூச்சியும் நோயும் செல்லுகின்றன. மெக்ஸிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயமுத்தூரில் காணப்பட்டது. அது பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி முதலிய பல பயிர்களிலும் பரவி, பட்டுப்புழு வளர்ப்போருக்கும் பெருநஷ்டம் விளைவித்தது. எவ்வளவு மருந்து தெளித்தும் மெழுகுபோன்ற வெண்மாவு அதன் உடலை மூடியிருந்தமையால் மருந்து செவ்வையாகப் பிடிக்கவில்லை. அப்பூச்சியை அதன் தாயகத்தில் அடக்கிவைக்கும் சத்துருக்கள் இங்கே இல்லாமையே அது இவ்வளவு பெருகியதற்குக் காரணம். எனவே, அதன் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை 2010-ல் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து வருவித்துச் சோதித்து, தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களிலேயே பூச்சி அடங்கிற்று. மருந்துச் செலவும் குறைந்தது.

மரவள்ளி மாவுப்பூச்சியின் வரலாறும் இத்தகையதே. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அப்பூச்சி 1970-ஐ அடுத்த வருஷங்களில் ஆப்பிரிக்காவில் புகுந்து, கோடிக்கணக்கான ஏழைகளின் உணவாகிய மரவள்ளியை அழிக்கத் தொடங்கியது. அதன் தாயகத்தைத் தேடி ஆராய்ச்சியாளர் பல தேசங்களில் அலைந்தனர். 1981-ல் பராகுவே தேசத்தில் அப்பூச்சியும், அதை அடக்கும் குளவியும் கண்டுபிடிக்கப்பட்டன. அக்குளவி ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டு வளர்த்துப் பரப்பப்பட்டது. இம்முயற்சிக்குத் தலைமை வகித்த ஹான்ஸ் ஹெரன் என்பவருக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே பூச்சி 2020-ல் கேரளத்தில் காணப்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் மரவள்ளிக் கொல்லைகளிலும் தோன்றியது. அதற்குரிய குளவி 2021-ல் ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் தேசத்திலிருந்து இந்தியாவுக்கு வருவிக்கப்பட்டு, மறுவருஷம் சேலம் ஜில்லாவில் வயல்களில் விடப்பட்டது.

இங்கே கவனிக்கத் தக்க வேற்றுமை ஒன்றுண்டு. பூச்சி வந்த பிரயாணத்தில் சோதனை என்பது இல்லை. குளவி வந்த பிரயாணமோ, சர்க்காரின் அநுமதி பெற்று, அடைத்த அறையில் வைத்துச் சோதித்து, வேறு நன்மை தரும் உயிர்களுக்குக் கேடில்லை என்று நிச்சயித்தபின் நிகழ்ந்தது. ஆகையால், வெளியூர்த் தோட்டத்தைப் பார்த்துவரும் விவசாயி, அங்குள்ள செடி அழகாயிருக்கிறதென்று ஒரு கிளையையோ, மரவள்ளிக் குச்சியையோ, வாழைக் கன்றையோ, ஒரு கூடை மண்ணையோ வண்டியில் ஏற்றிக்கொண்டு வருதல் கூடாது. ஒரு விவசாயியின் ஆசையினால் ஊர் முழுவதும் நஷ்டப்பட நேரிடும். நாற்றும் கன்றும் வேண்டுமாயின், சான்று பெற்ற நாற்றங்காலிலிருந்து இலாகாவின் ஆலோசனைப்படி பெறவேண்டும்.

சந்தைக்குச் செல்லும் செலவு

விவசாயி அடிக்கடி செய்யும் பிரயாணம் சந்தைக்குச் செல்வதே. 1933-ல் இயற்றப்பட்ட சென்னை வாணிபப் பயிர்கள் சந்தைச் சட்டத்தின்படி 1936-ல் திருப்பூரில் பருத்திக்காக ஒழுங்குமுறைச் சந்தை ஏற்பட்டது. சரியான எடை, பகிரங்க ஏலம், உடனே பணம் என்னும் அனுகூலங்களை நாடி, தூரமானாலும் அத்தகைய விற்பனைக் கூடங்களுக்குச் செல்வது நியாயமே. ஆனால் தனித்தனியே செல்வதால் அவ்வனுகூலத்தின் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துவிடுகிறது. இதை ஒரு கணக்கினால் விளக்குவோம். இதிலுள்ள தொகைகள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. வாசகர்கள் தத்தம் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு கிராமத்தில் மஞ்சள் பயிரிடுவோர் 10 பேர். ஒவ்வொருவரிடமும் 5 மூட்டை. சந்தை 40 கிலோமீட்டர் தூரம் என்க. ஒவ்வொருவரும் சிறிய மோட்டார் வண்டி ஒன்றை 1,500 ரூபாய் வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, தாமும் உடன்சென்று சாப்பாடு முதலியவற்றிற்கும் ஒரு நாள் வேலை இழப்புக்குமாக 500 ரூபாய் செலவிட்டால், ஒருவருக்கு 2,000 ரூபாய் ஆகும். பத்துப் பேருக்கும் 20,000 ரூபாய். அதாவது மூட்டை ஒன்றுக்கு 400 ரூபாய். பத்துப் பேரும் சேர்ந்து 50 மூட்டைகளையும் 4,000 ரூபாய் வாடகையில் ஒரே லாரியில் ஏற்றி, நம்பிக்கைக்குரிய இருவரைத் தலைக்கு 500 ரூபாய் கொடுத்து அனுப்பினால் மொத்தம் 5,000 ரூபாய். மூட்டைக்கு 100 ரூபாய். மீதமாகும் 15,000 ரூபாய் விலை உயராமலேயே கிடைத்த இலாபம். எட்டுப் பேருடைய ஒரு நாள் உழைப்பும் வயலுக்கு மிஞ்சுகிறது.

எண்ணெய்க் கணக்கையும் பார்ப்போம். போகவர 80 கிலோமீட்டருக்குச் சிறிய வண்டி 5 லிட்டர் டீசல் கொள்ளுமாயின் பத்து வண்டிகளுக்கு 50 லிட்டர். லாரி ஒன்றுக்கு 16 லிட்டர் போதும். மீதம் 34 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே ஒரே நாளில் சுமார் 92 கிலோ வாயு ஆகாயத்தில் கலவாமல் தடுக்கப்படுகிறது. பருவமழை தவறுவதும் வெப்பம் மிகுவதும் விவசாயியையே முதலில் வருத்துவன ஆதலால், இதையும் சொந்தக் கணக்காகவே கொள்ளவேண்டும்.

இதனினும் சிறந்தது வேண்டாத பிரயாணத்தையே விலக்குவது. 2016-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி ஆரம்பமான தேசிய மின்னணு வேளாண் சந்தையில் சேர்ந்துள்ள விற்பனைக் கூடங்களின் விலை நிலவரத்தைக் கைத்தொலைபேசியிலேயே அறியலாம். விலை கேட்டுவரும்பொருட்டு மாத்திரம் ஒரு நாளைச் செலவிடுவது இனித் தேவையில்லை. ஆயினும் மாட்டின் கறவையைப் பார்ப்பதற்கும், ஒரு சாகுபடி முறையின் உண்மையை அறிவதற்கும், புதிய வியாபாரியின் நாணயத்தைச் சோதிப்பதற்கும் நேரிற் செல்லுதலே தகும். தொலைபேசியால் முடிவது எது, கண்ணால் கண்டே தீரவேண்டியது எது என்று பகுத்தறிவதே சிக்கனம்.

பிரயாணம் செய்வோர் அநுஷ்டிக்கவேண்டியவை

முதலாவது, புறப்படுமுன் அறியவேண்டிய விஷயத்தை ஒரு கேள்வியாக எழுதிக்கொள்ளவேண்டும். சொட்டுநீர்ப் பாசனம் பார்த்துவருவோம் என்பது கேள்வியாகாது. உப்புத் தண்ணீருள்ள கிணற்றில் சொட்டுவான் அடைபடாதிருக்க அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே கேள்வி.

இரண்டாவது, அருகில் உள்ளதை முதலிற் பார்க்கவேண்டும். 1974-ல் புதுச்சேரியில் முதலாவதாக ஏற்பட்ட வேளாண் அறிவியல் நிலையம் போன்ற நிலையங்கள் இப்பொழுது பல ஜில்லாக்களிலும் இருக்கின்றன. ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய இடத்தில் கிடைக்கும் அறிவுக்காக ரயிலேறித் தூரதேசம் போகவேண்டுவதில்லை. மண்ணும் மழையும் நம்முடையவற்றை ஒத்திருக்கும் இடமே பார்ப்பதற்கு உகந்தது.

மூன்றாவது, அனுப்பத் தக்கவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் ஊர்ப் பெரியவர்களே போய்வருவது வழக்கமாயிருக்கிறது. நாற்று நடுவதையும் களை எடுப்பதையும் மாடு கறப்பதையும் தம் கையால் செய்யும் பெண்மக்களும், தண்ணீர் பாய்ச்சும் சிறு குடியானவர்களும் உடன் சென்றாலன்றி, கண்ட முறை வயலில் நடைபெறாது.

நான்காவது, வரவு செலவைக் கேட்டெழுதவேண்டும். மகசூல் எவ்வளவு என்று கேட்போர் பலர்; ஆள்கூலி எவ்வளவு, சர்க்கார் உதவித்தொகை இல்லாவிடில் இம்முறை கட்டுமா, முதல் வருஷத்தில் என்ன தவறு நேர்ந்தது என்று கேட்போர் சிலரே. தவறுகளைக் கேட்டறிவதால் வரும் இலாபம் பெரிது.

ஐந்தாவது, திரும்பிவந்த ஒரு வாரத்துக்குள் கிராமத்தில் யாவரையும் கூட்டி, கண்டதையும் செலவையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பொதுப் பணத்தில் சென்றவருக்கு இது கடமை. பின்னர், பார்த்துவந்த முறையைப் பத்து ஏக்கரில் ஒரேயடியாகச் செய்யாமல், பத்து செண்டு நிலத்தில் ஒரு போகம் செய்து பார்க்கவேண்டும். பக்கத்திலேயே பழைய முறையில் ஒரு பாத்தியை விட்டு ஒப்பிடவேண்டும். நஷ்டம் வந்தாலும் தாங்கக்கூடிய அளவாயிருக்கும். இலாபம் வந்தால் ஊரார் கண்டு நம்புவர்.

விவசாயத் தொழில்நுட்ப மேலாண்மை முகமையாகிய அட்மா திட்டத்தில், விவசாயிகளை ஜில்லாவுக்குள்ளும் வெளி மாநிலங்களுக்கும் பார்வையிட அழைத்துச்செல்லும் ஏற்பாடு இருக்கிறது. இதைப்பற்றி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்துக்கொள்ளலாம். கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்வேற்பாட்டை ஊராருக்குத் தெரிவிப்பதோடு, போய்வந்தவர்களுடைய அநுபவங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வருஷவாரியாக எழுதிவைப்பார்களாயின், அடுத்து வருபவர் அதே இடத்துக்கு அதே கேள்வியோடு மறுபடியும் செலவு செய்து போகவேண்டியிராது.

சுருங்கக் கூறின், பிரயாணத்தின் பயனைத் தூரத்தைக்கொண்டு மதிப்பிடலாகாது. போனவர் திரும்பியபின் ஊரில் என்ன நிலைத்து நிற்கிறது என்பதைக்கொண்டே மதிப்பிடவேண்டும். ஒரு பிரயாணத்தால் கடன் சங்கம் ஏற்பட்டது. ஒன்றால் பாற்சங்கங்கள் தேசமெங்கும் பரவின. ஒன்றால் பயிரைக் கெடுத்த பூச்சி அடங்கிற்று. கவலையற்ற பிரயாணத்தாலோ அப்பூச்சியே வந்து சேர்ந்தது. நம் மிராசுதார்களும் உத்தியோகஸ்தர்களும் இவ்வாண்டு வெளியூர் புறப்படுமுன் மேற்கூறிய ஐந்து விஷயங்களையும் சிந்தித்துப் புறப்படுவார்களாயின், செலவழித்த பணம் வீண்போகாது. அவர்கள் கொண்டுவருவது அவர்கள் பிள்ளைகளுக்கும் பயன்படும்.